வெறுங்கையோடு அனுப்பலாகாது



இந்த வாரத் தியானத்திற்கு வேதத்தின் ஒரு கட்டளையையும், நம் காலத்துக்கு மிக அருகிலுள்ள ஒரு வரலாற்றையும் சேர்த்து உங்கள் முன் வைக்கிறேன். சற்றே நீளமான கட்டுரை. பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

2018 டிசம்பர் 21, வெள்ளிக்கிழமை. கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு நான்கு நாட்களே இருந்தன. ஜெர்மனியின் ரூர் பகுதியில், போட்ராப் நகரத்திலுள்ள புரோஸ்பர்-ஹானியேல் சுரங்கத்திலிருந்து கரி படிந்த முகங்களோடு சில தொழிலாளர் மேலே ஏறி வந்தனர். ஒருவர் கையில் ஏறத்தாழ ஏழு கிலோ எடையுள்ள ஒரு நிலக்கரித் துண்டு இருந்தது. அதை அவர் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்-வால்டர் ஸ்டைன்மையரிடம் ஒப்படைத்தார். ஜெர்மனியின் ஆழ்சுரங்கங்கள் தந்த கடைசி நிலக்கரி அது. முந்தின நாள் மாலையில் எஸ்ஸென் பேராலயத்தில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டு சபையாரும் ஒன்றாகக் கூடி, தலைமுறை தலைமுறையாக மண்ணுக்கடியில் பாடுபட்டவர்களுக்காகத் தேவனுக்கு நன்றி செலுத்தியிருந்தனர்.

அன்று பலர் கண்ணீர் விட்டார்கள். ஆனால் ஒரு கல்லும் எறியப்படவில்லை. ஒரு கடையும் கொளுத்தப்படவில்லை. 1957-இல் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் வேலை செய்தனர். 2018-இன் முடிவில் எஞ்சியிருந்தவர்கள் சில ஆயிரம் பேரே. இவ்வளவு பெரிய தொழில் இவ்வாறு அடங்குவது உலகில் அரிது. அது எப்படி நடந்தது? அதே தொழில் அண்டை நாடான பிரிட்டனில் ஏன் இரத்தமும் பகையுமாய் முடிந்தது? இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். நிலக்கரியை விட்டுச் சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் உலகம் திரும்பிக்கொண்டிருக்கிற இந்நாட்களில், இந்தக் கேள்வி நம் வாசலிலும் வந்து நிற்கிறது.

எபேசு பட்டணத்தின் கூச்சல்

முதலாவது, நாம் பலமுறை வாசித்த ஒரு பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தில் தெமேத்திரியு என்னும் தட்டான் வருகிறான். வெள்ளியினால் சிறு கோவில்களைச் செய்வித்து விற்கிறவன். அநேகத் தொழிலாளிகளுக்கு வேலை கொடுக்கிறவன். பவுலின் போதனையால் தங்கள் தொழில் அற்றுப்போகும் என்று அவன் சொன்னதும் பட்டணம் முழுவதும் கலங்கியது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஒரே கூச்சல். கூடியிருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் எதற்காகக் கூடினோம் என்பதே தெரியவில்லை.

இந்தப் பகுதியை விக்கிரக ஆராதனையைக் குறித்ததாக மட்டுமே நாம் பெரும்பாலும் பிரசங்கிக்கிறோம். அது சரியே. ஆனாலும் அந்தக் கூச்சலுக்குள் பிழைப்பைக் குறித்த ஒரு பயமும் இருந்தது. வரப்போகும் மாற்றம் நல்லதாகவே இருக்கலாம். தேவனுடைய சித்தமாகவே இருக்கலாம். பழைய தொழிலினால் தன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவனுக்கு அது முதலில் பயமாகத்தான் வந்து சேருகிறது. அந்தப் பயத்துக்குச் செவிகொடுக்க ஒருவரும் இல்லாவிட்டால், தெமேத்திரியுக்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் கூட்டத்தை அமர்த்தியவன் பட்டணத்துச் சம்பிரதியானவன். அவன் வாளை உருவவில்லை. வழக்கு உண்டானால் நியாயமன்றம் இருக்கிறது, முறையான சபை இருக்கிறது, அங்கே வந்து பேசுங்கள் என்று வழிகாட்டினான். இந்த ஒரு குறிப்பை மனதில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குள் போவோம்.

கறுப்புக் கொடிகள்

ரூர் பகுதியின் கதை அமைதியாய்த் தொடங்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் இடிந்துபோன ஜெர்மனியை மீண்டும் எழுப்பியது ரூர் நிலக்கரியே. சுரங்கத் தொழிலாளி நாட்டின் வீரனாக மதிக்கப்பட்டான். ஆனால் 1958-இன் தொடக்கத்திலேயே காற்று மாறியது. மலிவான எண்ணெயும் அமெரிக்க நிலக்கரியும் கப்பல்களில் வந்திறங்கின. வெட்டியெடுத்த கரி விற்பனையாகாமல் மலைமலையாய்க் குவிந்தது. கூலியில்லாத கட்டாய விடுப்பு நாட்கள் தொடங்கின. அதன்பின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மூடப்பட்டன.

1959 செப்டம்பர் 26 அன்று ஏறத்தாழ 60,000 சுரங்கத் தொழிலாளர் அன்றைய தலைநகரான பான் நகருக்குச் சென்று, கறுப்புக் கொடிகளை ஏந்தி மௌன ஊர்வலம் நடத்தினார்கள். 1966, 1967 ஆண்டுகளின் பொருளாதாரத் தேக்கத்தில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. டோர்ட்முண்ட் போன்ற நகரங்களில் மறுபடியும் கறுப்புக் கொடிகள் எழுந்தன. பொறுமை தீர்ந்துபோன தொழிலாளரின் கோபம் எந்தப் பக்கம் திரும்பும் என்று அரசு அஞ்சியது. ஹிட்லரின் எழுச்சிக்கு முன்பிருந்த வேலையின்மை அந்தத் தலைமுறையின் நினைவில் இன்னும் ஆறாத புண்ணாக இருந்தது.

அப்போது அவர்களுக்குக் கைகொடுத்தவை முன்னமே போடப்பட்டிருந்த சில அஸ்திபாரங்கள். 1951-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, நிலக்கரி, இரும்பு, எஃகு நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுக்களில் முதலாளிகளின் பிரதிநிதிகளும் தொழிலாளரின் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் அமர்ந்தார்கள். அதே ஆண்டில் ஆறு நாடுகள் கையெழுத்திட்ட ஐரோப்பிய நிலக்கரி, எஃகுச் சமூக ஒப்பந்தமும், வேலை இழக்கும் தொழிலாளருக்குத் தற்காலிக வருமானமும் மறுபயிற்சியும் இடமாற்ற உதவியும் கொடுக்க வழி செய்திருந்தது. அதாவது, நெருக்கடி வந்தபின் பேச்சுவார்த்தைக்கு இடம் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த இடம் ஏற்கெனவே இருந்தது.

ஒரே நிறுவனம், ஒரே பொறுப்பு

1968 நவம்பர் 27 அன்று ரூர்கோலே என்னும் நிறுவனம் தோன்றியது. பொருளாதார அமைச்சர் கார்ல் ஷில்லரும், சுரங்கத் தொழிற்சங்கத் தலைவர் வால்டர் ஆரெண்டும் இதற்கு வழிவகுத்தவர்களில் முக்கியமானவர்கள். ரூர் பகுதியில் தனித்தனியாய் இயங்கிவந்த 26 நிறுவனங்களின் ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் இதன்கீழ் ஒன்றாக்கப்பட்டன.

இதனால் தொழிலாளிக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். பயன் மிகப் பெரிது. முன்பு ஒரு சுரங்கம் மூடப்பட்டால் அதன் தொழிலாளி தெருவில் நின்றான். பக்கத்துச் சுரங்கம் வேறொரு முதலாளியுடையது. இப்போது எல்லாம் ஒரே நிறுவனம். ஒன்று மூடப்படும்போது அதன் ஆட்களை அடுத்த சுரங்கத்துக்கு மாற்ற முடிந்தது. எந்தச் சுரங்கத்தை எப்போது மூடுவது என்று ஆண்டுகளுக்கு முன்னரே திட்டமிட முடிந்தது. முதியவர்களுக்கு ஓய்வு, நடுவயதினருக்கு இடமாற்றம், இளைஞருக்கு வேறு தொழிலில் பயிற்சி என்று ஒவ்வொருவருடைய பெயரையும் வயதையும் குடும்பத்தையும் பார்த்து ஏற்பாடு செய்தார்கள். 1972 முதல், சுரங்கத்தை விட்டு முன்கூட்டியே ஓய்வுபெறுகிறவர்களுக்கு, முறையான ஓய்வூதியம் தொடங்கும் வரைக்கும் மாதந்தோறும் ஒரு தொகை வழங்கப்பட்டது. சுரங்கத்தை விட்டு எவனும் வெட்டவெளியில் விழக்கூடாது என்பது அத்தொழிலாளர் நடுவில் ஒரு பழமொழிபோல் ஆயிற்று.

தொழிலாளியின் பிள்ளைகளைக் குறித்தும் யோசித்தார்கள். நிலக்கரி யுகம் முழுவதிலும் அந்தப் பெரிய தொழிற்பகுதியில் ஒரு பல்கலைக்கழகமும் இருந்ததில்லை. 1965-இல் போக்கும் நகரில் ஒன்று திறக்கப்பட்டது. 1968-இல் டோர்ட்முண்டில் ஒன்று. பின்னாளில் நிலத்தையும் நீரையும் சீர்ப்படுத்துவதே ஒரு பெரிய வேலையாயிற்று. சாக்கடையாய் ஓடிக்கொண்டிருந்த எம்ஷர் நதியை மீட்கும் பணி 1992-இல் தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நடந்தது. 2021-இன் முடிவிலிருந்து அந்நதியில் கழிவுநீர் விடப்படுவதில்லை. எஸ்ஸெனில் 1986-இல் மூடப்பட்ட சோல்வெரைன் சுரங்கம் 2001-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

ரூரில் போராட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1987-இன் இறுதியில் ரைன்ஹவுசன் எஃகு ஆலையை மூடப்போவதாய் அறிவித்தபோது, தொழிலாளர் ரைன் நதியின் மேலுள்ள பாலத்தை மறித்தார்கள். சபைகள் அவர்களோடு நின்றன. ஆலையின் கூடத்துக்குள்ளேயே ஆராதனை நடந்தது. அந்தப் பாலத்துக்கு இன்றும் ஒருமைப்பாட்டுப் பாலம் என்றே பெயர். 1997 பிப்ரவரி 14 அன்று, சுரங்க மானியங்களைத் திடீரெனக் குறைக்கும் திட்டத்துக்கு எதிராக, ஏறத்தாழ 2 லட்சத்து 20 ஆயிரம் பேர் கைகோத்து 93 கிலோமீட்டர் நீள மனிதச் சங்கிலியாய் நின்றார்கள். மறுமாதமே உடன்பாடு ஏற்பட்டது. 2007-இல், மானியத்தோடு நடக்கும் சுரங்கத் தொழிலை 2018-இல் முடிப்பது, அதுவரை எவரையும் கட்டாயமாய் வேலையிலிருந்து நீக்காதிருப்பது என்று முடிவாயிற்று. முடிவுநாள் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னரே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சொன்ன சொல்லும் காக்கப்பட்டது.

பிரிட்டனில் நடந்தது

இனி கடலைக் கடந்து பிரிட்டனுக்குச் செல்வோம். அங்கே 1947 முதல் சுரங்கங்கள் அரசுடைமை. அப்படியானால் ஒரே நிறுவனம், ஒரே பொறுப்பு என்னும் வசதி ஜெர்மனிக்கு இருபது ஆண்டுகள் முன்னதாகவே அங்கே இருந்தது. 1960-களில் நூற்றுக்கணக்கான சுரங்கங்கள் பெரிய கலகமின்றி மூடப்படவும் செய்தன. வேறு சுரங்கங்களும் வேறு வேலைகளும் அப்போது கிடைத்தன.

1984 மார்ச் மாதத்தில் நிலைமை வேறு. ஓராண்டுக்குள் சுமார் 20 சுரங்கங்களை மூடி, 20,000 வேலைகளைக் குறைக்கப்போவதாய்த் தேசிய நிலக்கரி வாரியம் அறிவித்தது. நாட்டில் வேலையற்றோர் எண்ணிக்கை 30 லட்சத்தை எட்டியிருந்த காலம் அது. யார்க்‌ஷயரில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறக்குறைய ஓராண்டு நீடித்தது. தொழிற்சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் நாடு தழுவிய வாக்கெடுப்பு நடத்த மறுத்தார். வாரியத் தலைவர் இயன் மெக்கிரகர் பின்வாங்க மறுத்தார். பிரதமர் மார்கரெட் தாட்சரின் அரசு முன்கூட்டியே மின்நிலையங்களில் கரியைக் குவித்து, இந்தப் போராட்டத்துக்கு ஆயத்தமாய் இருந்தது. இரு பக்கத்தாரும் வெற்றியையே நாடினார்கள்.

1984 ஜூன் 18 அன்று ஆர்கிரீவ் என்னும் இடத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளரும் காவலரும் மோதினார்கள். அதில் 95 பேர்மேல் சுமத்தப்பட்ட வழக்குகள் பின்னர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அந்த ஓராண்டில் கைது செய்யப்பட்டவர்கள் 11,000-க்கும் மேல். மறியலில் நின்ற இருவர் உயிரிழந்தனர். வேலைக்குச் சென்ற ஒரு தொழிலாளியை ஏற்றிச் சென்ற வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர், பாலத்தின்மேலிருந்து போடப்பட்ட கான்கிரீட் கட்டையால் கொல்லப்பட்டார். நாட்டிங்காம்‌ஷயரில் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றார்கள்; சங்கம் இரண்டாய்ப் பிளந்தது. ஒரே வீட்டில் பிறந்த சகோதரர்கள் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தினார்கள். சில ஊர்களில் அந்தப் பேச்சின்மை பல ஆண்டுகள் நீடித்தது.

அந்த நாட்களில் ஒரு பேராயரின் குரல் எழுந்தது. டேவிட் ஜென்கின்ஸ் 1984 செப்டம்பரில் டர்ஹாம் பேராலயத்தில் பேராயராகப் பீடமேறினார். டர்ஹாம் சுரங்கத் தொழிலாளரின் மாவட்டம். தமது முதல் அருளுரையிலேயே அவர், இந்தப் போராட்டத்தில் எந்தப் பக்கத்துக்கும் வெற்றி உண்டாகலாகாது, சமூகத்தைக் காக்கும் ஒரு சமரசமே வேண்டும் என்னும் பொருளில் பேசினார். வாரியத் தலைவரைக் குறித்து அவர் பயன்படுத்திய ஒரு கடிய சொல் பெரிய சர்ச்சையாயிற்று. அந்தச் சர்ச்சையில் சமரசத்துக்கான அழைப்பு காற்றில் கரைந்துபோயிற்று. மேடையில் நிற்கிற எங்களுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

1985 மார்ச் 3 அன்று எந்த உடன்படிக்கையும் இல்லாமல் வேலைநிறுத்தம் முடிந்தது. சங்கக் கொடிகளோடும் இசைக்குழுக்களோடும் தொழிலாளர் சுரங்கங்களுக்குத் திரும்பினார்கள். அதன்பின் மூடல்கள் விரைந்து நடந்தன. 1984-இல் 170 அளவில் இருந்த சுரங்கங்களில், 1994-இல் தொழில் தனியாருக்கு விற்கப்பட்டபோது எஞ்சியவை இருபதுக்கும் குறைவு. கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி, 2015 டிசம்பர் 18 அன்று மூடப்பட்டது. அதுவும் கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னே.

நேர்மையாய் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரிட்டன் தொழிலாளர் பலருக்குப் பணம் கொடுக்கப்பட்டது. உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆயிரம் பவுண்டு என்ற அளவில் பெற்றவர்கள் உண்டு. அது சிறு தொகையல்ல. ஆனால் பணம் கையில் இருந்ததேயன்றி, மறுநாள் காலையில் எழுந்து போக வேலை இல்லை. மகனை அனுப்பப் பயிற்சிக்கூடம் இல்லை. பல சுரங்க ஊர்களில் நடுவயது ஆண்கள் வேலையற்றோர் பட்டியலிலும் இல்லாமல், உடல்நலக் குறைவுக்கான உதவித்தொகைப் பட்டியலில் ஆண்டுக்கணக்காய்த் தங்கிவிட்டார்கள். வருமானம் மட்டுமன்றி, மதிப்பும் தோழமையும் ஊரின் ஒழுங்கும் அவர்களை விட்டுப் போயிற்று.

ரூரின் குறைகள்

அப்படியானால் ரூர் பரதீசா? இல்லை. அதன் குறைகளையும் நீங்கள் அறிய வேண்டும்.

முதலாவது, செலவு. பல பத்தாண்டுகளாய் ஜெர்மன் அரசு சுரங்கங்களுக்குக் கொடுத்த மானியம் பத்தாயிரம் கோடி யூரோவைத் தாண்டியதென்பது பொதுவான கணிப்பு. பழைய தொழிலைத் தாங்குவதில் செலவிட்டதில் ஒரு பங்கைப் புதிய தொழில்களுக்கு முன்னமே திருப்பியிருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. சுரங்கங்களால் தாழ்ந்துபோன நிலம் வெள்ளத்தில் மூழ்காதபடி இன்றும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்காக ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளை ஆண்டுதோறும் 20 கோடி யூரோவுக்கும் மேல் செலவிடுகிறது. அந்தச் செலவுக்கு முடிவே இல்லை.

இரண்டாவது, தொழிலாளி விழவில்லை. ஆனால் அவன் வேலை அவனோடு முடிந்தது. அவன் பேரனுக்கு அந்த இடத்தில் வேறு வேலை எல்லா ஊர்களிலும் உண்டாகவில்லை. கெல்சென்கிர்ஷென் இன்றும் ஜெர்மனியில் வேலையின்மை மிகுந்த நகரங்களில் ஒன்று.

மூன்றாவது, அந்நியன். 1961-இல் துருக்கியோடு செய்த ஒப்பந்தத்தின்படி வந்தவர்களும் அந்தச் சுரங்கங்களில் தோளோடு தோள் நின்று உழைத்தார்கள். 1983-இல் வேலையின்மை பெருகியபோது, சொந்த நாட்டுக்குத் திரும்பிச் செல்ல இசையும் அந்நியத் தொழிலாளருக்கு 10,500 மார்க் கொடுக்க ஒரு சட்டம் செய்தார்கள். உழைக்கும் நாளில் தோழன் என்று அழைக்கப்பட்டவன், நெருக்கடி நாளில் விருந்தாளி என்று நினைவூட்டப்பட்டான்.

நான்காவது, அதே ஜெர்மனியின் கிழக்கே லவுசிட்ஸ் பகுதியில் இந்தப் பொறுமை காட்டப்படவில்லை. 1989-இல் அங்கே பழுப்பு நிலக்கரித் தொழிலில் ஏறத்தாழ 80,000 பேர் இருந்தனர். நாடுகள் இணைந்தபின் பத்தே ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் கீழே போயிற்று. மேற்கே அறுபது ஆண்டுகளில் நடந்தது கிழக்கே பத்து ஆண்டுகளில் நடந்தது. 2019 ஜனவரியில் ஒரு ஆணையம், 2038-க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்தவும், பாதிக்கப்படும் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை கொடுக்கவும் பரிந்துரைத்தபோது, லவுசிட்ஸ் மக்கள் அதை ஐயத்தோடு பார்த்ததில் வியப்பில்லை. ஒருமுறை ஏமாந்தவன் இரண்டாம் முறை எளிதில் நம்புவதில்லை.

நீதியான மாற்றம்

இப்போது உலகெங்கும் வழங்கும் "நீதியான மாற்றம்" என்னும் சொல் பிறந்தது அமெரிக்காவில். எண்ணெய், இரசாயன, அணுசக்தித் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான டோனி மசோக்கி இதன் தந்தை எனப்படுகிறார். நச்சுக் கழிவுகளால் கெட்டுப்போன நிலத்தைச் சுத்திகரிக்க அமெரிக்க அரசு 1980-இல் ஒரு பெரிய நிதியை ஏற்படுத்தியிருந்தது. மண்ணுக்கு அப்படி ஒரு நிதி இருக்குமானால், சுற்றுச்சூழலைக் காக்கும்பொருட்டு வேலை இழக்கிற மனிதனுக்கு ஏன் இருக்கலாகாது என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி மெல்லப் பரவி, 2015-இன் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் முகவுரையில் இடம்பெற்றது.

2018-இன் கடைசி மூன்று மாதங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். அக்டோபரில் ஸ்பெயின் அரசு தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து பேசி, சுரங்கங்களை மூடுவதற்கு முன்னரே 25 கோடி யூரோ அளவிலான திட்டம் ஒன்றில் கையெழுத்திட்டது. முன்கூட்டிய ஓய்வும் மறுபயிற்சியும் நிலச் சீரமைப்பு வேலையும் அதில் அடங்கும். நவம்பர் 17 அன்று பிரான்சில், காலநிலையைக் காரணம் காட்டி எரிபொருள்மீது உயர்த்தப்பட்ட வரிக்கு எதிராய், மஞ்சள் மேற்சட்டை அணிந்த லட்சக்கணக்கானோர் சாலைகளை மறித்தார்கள். பேருந்தும் இரயிலும் எட்டாத சிற்றூர்களில் காரின்றி வேலைக்குப் போக முடியாதவர்கள் அவர்களில் அநேகர். டிசம்பர் 4 அன்று அரசு அந்த உயர்வை நிறுத்திவைத்தது. அதே டிசம்பரில் ரூரில் கடைசிக் கரித்துண்டு மேலே வந்தது. மூன்று நாடுகளும் ஏறக்குறைய ஒரே திசையில்தான் போயின. பிரான்சில், மாற்றத்தின் பாரம் முதலில் யார் தோளில் விழும் என்று முன்னதாகக் கேட்கப்படவில்லை.

நமக்கு அருகில்

பிரியமானவர்களே, இது தூரதேசத்துக் கதையன்று. நம் நெய்வேலியில் 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1961-இல் கரி வெளிப்பட்டது. ஜெர்மன் தொழில்நுட்பத்தில் அமைந்த பெரும் சக்கர வெட்டு இயந்திரங்களே அந்தச் சுரங்கத்தைத் தோண்டின. 1962-இல் மின்னுற்பத்தி தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் ஓய்வுபெற்றுவிட்டது. சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த குடும்பங்களும், நிரந்தரத் தொழிலாளரும், ஒப்பந்தத் தொழிலாளரும், அவர்களை நம்பித் தேநீர்க் கடையும் தையற்கடையும் நடத்துகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஒருநாள் அங்கும் கடைசிக் கரி வெட்டப்படும். அந்த நாளில் நிரந்தரத் தொழிலாளியின் பெயர் ஏதாவதொரு பட்டியலில் இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் இருக்குமா? ரூரில் அந்நியனுக்கு நேர்ந்தது இங்கே அவனுக்கு நேரலாம்.

உபாகமம் 15-ஆம் அதிகாரத்தில் மோசே ஒரு கட்டளையைக் கொடுக்கிறார். ஆறு ஆண்டுகள் ஊழியம் செய்தவனை ஏழாம் ஆண்டில் விடுதலையாக்க வேண்டும். அதோடு முடியவில்லை. அவனை வெறுங்கையோடு அனுப்பலாகாது. ஆட்டுமந்தையிலும் களத்திலும் ஆலையிலும் உனக்கு உண்டான ஆசீர்வாதத்திலிருந்து தாராளமாய் எடுத்து அவனுக்குக் கொடுக்க வேண்டும். ஆட்டைக் கொடுத்தால் அது பெருகும். தானியத்தைக் கொடுத்தால் விதைக்கலாம். அவன் மறுபடியும் தன் காலில் நிற்கத்தக்க தொடக்கம் அது. அவன் செய்த வேலையின் மதிப்பை நினைத்துக்கொள் என்றும், நீயும் எகிப்தில் அடிமையாயிருந்ததை மறவாதே என்றும் அதற்குக் காரணமும் சொல்லப்படுகிறது. விடுதலையும் சட்டப்படி நடந்துவிட்டது, இனி அவன் பாடு என்று கைகழுவ இடமே இல்லை.

ரூர் தன் தொழிலாளருக்குச் செய்தது, குறைகளோடும்கூட, இந்தக் கட்டளைக்கு அருகில் வருகிறது. பிரிட்டன் பணத்தைக் கொடுத்தது. விதைக்கத்தக்கதைக் கொடுக்கத் தவறியது.

கலகம் வேண்டாம் என்று நாம் எல்லாரும் ஜெபிக்கிறோம். ஆனால் சமாதானம் இல்லாதபோது சமாதானம் என்று சொல்லிக் காயத்தை மேற்பூச்சாய் மூடுகிறவர்களை எரேமியா தீர்க்கதரிசி கடிந்துகொண்டதை மறவாதிருங்கள். ரூரின் அமைதி, வாயடைக்கப்பட்டவர்களின் அமைதியன்று. அவர்கள் கறுப்புக் கொடி பிடித்தார்கள், பாலத்தை மறித்தார்கள், கைகோத்து நின்றார்கள். அவர்கள் கொண்டுவந்த குறையைக் கேட்க ஒரு மன்றமும், கேட்டபின் காக்கப்பட்ட சொல்லும் இருந்தன. எபேசுவின் சம்பிரதியானவன் காட்டிய வழி அதுவே.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் சபையில், உங்கள் தெருவில், காலம் மாறுவதால் தொழில் நலிந்துகொண்டிருக்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் நிலக்கரியோடு தொடர்புடையவராய் இருக்க வேண்டியதில்லை. டீசல் இயந்திரம் பழுதுபார்க்கிறவராய் இருக்கலாம். செங்கற்சூளையில் நிற்கிறவராய் இருக்கலாம். அவரைச் சந்தித்து, அவருடைய பயத்தை அவர் வாயாலேயே கேளுங்கள். புத்தி சொல்ல அவசரப்படாதீர்கள். உங்களில் தொழில் நடத்துகிறவர்கள், வேலையை விட்டு அனுப்ப வேண்டிய ஒருவர் இருந்தால், அவருக்கு எத்தனை மாதம் முன்னே சொல்லப்போகிறீர்கள், அவர் கையில் எதைக் கொடுத்து அனுப்பப்போகிறீர்கள் என்று தேவ சமுகத்தில் யோசியுங்கள்.

ஜெபிப்போமாக: ஆண்டவரே, பூமியைக் காக்கும் வழியை எங்களுக்குக் காட்டுகிறீர்; ஸ்தோத்திரம். அந்த வழியில் நடக்கும்போது, எங்களுக்கு வெளிச்சம் தருவதற்காக இருளில் உழைத்தவர்களை நாங்கள் மறவாதிருக்கச் செய்யும். அவர்களை வெறுங்கையோடு அனுப்பாத இருதயத்தை ஆளுகிறவர்களுக்கும் எங்களுக்கும் தந்தருளும். ஆமென்.